நினைவூட்டலுக்கும் பொறுப்பாளர் வேண்டும்

மருத்துவரின் மறதியால் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால் அதை அந்த மருத்துவரின் ஒழுக்கக் குறையாகப் பார்ப்பதே நெடுங்கால வழக்கம். இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்லி முடித்துவிடுவோம். இந்த வழக்கத்தை 1976ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வு அசைத்துப் பார்த்தது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ரீஜன்ஸ்ட்ரீஃப் நிறுவனத்தில் பணியாற்றிய மருத்துவர் கிளெமென்ட் மெக்டொனால்ட், நோயாளிகளின் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, கவனிக்க வேண்டியவற்றைச் சுட்டும் குறிப்புகளை மருத்துவர்களுக்குக் கொடுக்கச் செய்தார். குறிப்பு கிடைத்தபோது 51 விழுக்காடு நிகழ்வுகளில் அவர்கள் நடவடிக்கை எடுத்தார்கள். கிடைக்காதபோது 22 விழுக்காட்டில்தான். இரண்டு நிலைகளிலும் இருந்தவர்கள் அதே மருத்துவர்களே. அவர்களிடம் அறிவுக்கும் குறைவில்லை, அக்கறைக்கும் குறைவில்லை. ஒரு மனிதர் கையாளக்கூடியதைவிட அதிகமான செய்தி அவர்கள்முன் குவிந்திருந்தது என்பதே மெக்டொனால்ட் கண்ட முடிவு.

அதே நகரிலிருந்து 2001இல் வந்த ஆய்வு இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட 6,371 நோயாளிகளிடையே நடந்த ஆய்வு அது. நிமோனியாத் தடுப்பூசி போடத் தகுதியுள்ளவர்களில், கணினி நினைவூட்டாத பிரிவில் 0.8 விழுக்காட்டினருக்குத்தான் மருத்துவர்கள் அதை எழுதினார்கள். நினைவூட்டிய பிரிவில் அது 35.8 விழுக்காடு. அந்தத் தடுப்பூசியைப் பற்றி அறியாத மருத்துவர் அங்கே இருந்திருக்க முடியாது. நூறில் ஒருவருக்குக்கூட அது எழுதப்படவில்லை என்றால் பிழை தனிமனிதருடையதாக இருக்க வாய்ப்பில்லை. நினைவில் வைத்திருக்கும் கடமையை ஒரு தனிமனிதரின் தலையில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நிறுவனத்தின் குற்றம். கணினிப் பதிவேடுகளுக்கான அறநெறி வாதம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இதுவரை அது உறுதியான வாதமே.

ஆனால் நினைவூட்டுவது நன்மை என்றால் அதிகம் நினைவூட்டுவது அதிக நன்மை என்று மருத்துவமனைகளும் மென்பொருள் நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. மருந்துகள் தொடர்பான கணினி எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடு வரை மருத்துவர்களால் தள்ளப்படுகின்றன என்று 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கூறியது. மருத்துவரின் கவனத்துக்கு ஓர் எல்லை உண்டு. தேவையற்ற எச்சரிக்கை ஒவ்வொன்றும் அதே நாளில் வேறொரு நோயாளிக்குச் சேர வேண்டிய கவனத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இதன் விளைவைச் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையில் 2013இல் நடந்த சம்பவம் காட்டியது. பதினாறு வயதுச் சிறுவனுக்கு ஒரு மாத்திரை தர வேண்டிய இடத்தில், மொத்த மில்லிகிராமா, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் இத்தனை மில்லிகிராமா என்ற குழப்பத்தால், 38½ மாத்திரைகளுக்கான உத்தரவு பதிவாகிவிட்டது. கணினி எச்சரிக்கத்தான் செய்தது. எழுதிய மருத்துவரும் சரிபார்த்த மருந்தாளரும் அன்றாடம் பார்த்துச் சலித்த பல எச்சரிக்கைகளில் ஒன்றாக அதையும் எண்ணித் தள்ளிவிட்டார்கள். இயந்திரம் அத்தனை மாத்திரைகளையும் பொட்டலமாக்கியது. செவிலியருக்குச் சந்தேகம் எழுந்தது. பார்கோடு கருவியோ உத்தரவும் மருந்தும் பொருந்துவதாகக் காட்டியது. சிறுவனுக்கு வலிப்பு வந்தது. அவன் பிழைத்துக்கொண்டது பெரும் ஆறுதல். அதே மருத்துவமனையின் மருத்துவர் ராபர்ட் வாக்டர், கணினிமயமான மருத்துவத்தைப் பற்றி 2015இல் எழுதிய நூலில் இதை மறைக்காமல் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அத்தகைய நேர்மை எல்லா மருத்துவமனைகளுக்கும் வாய்ப்பதில்லை.

இங்கே குற்றவாளி யார்? எச்சரிக்கையைத் தள்ளிய இருவர் என்பது எளிய விடை. ஆனால் ஓயாமல் பொய்யாக அலறும் மணியைப் பொருத்தியவருக்கு, உண்மையான அலறலைக் கேட்காதவரைக் கண்டிக்கும் தகுதி குறைவு. மருந்துகளுக்கிடையில் ஏற்படக்கூடிய முரண்களை, அற்பமானவற்றையும் சேர்த்து, திரையில் காட்டிவிட்டால் பிறகு நீதிமன்றத்தில் ‘நாங்கள் எச்சரித்தோம்’ என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற, அச்சத்தில் பிறந்த எண்ணம் இந்த எச்சரிக்கைப் பெருக்கத்துக்கு ஒரு முக்கியக் காரணம். தன் சட்ட அச்சத்தை இன்னொருவரின் கவனத்தைச் செலவிட்டுத் தணித்துக்கொள்வது அநீதி. நோயாளியின் பெயரால் அதைச் செய்வது இன்னும் மோசம்.

பணத்துக்காக எழுதப்பட்ட நினைவூட்டலும் உண்டு. மருத்துவர்களுக்குப் பதிவேட்டு மென்பொருள் வழங்கிய பிராக்டிஸ் ஃப்யூஷன் என்ற அமெரிக்க நிறுவனம், ஓபியாய்டு வலி மருந்துகளைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்திடம் பணம் பெற்றுக்கொண்டு, அந்த மருந்துகளின் விற்பனை பெருகும் விதத்தில் வலி பற்றிய நினைவூட்டலை வடிவமைத்தது. வழக்கை முடித்துக்கொள்ள 14.5 கோடி டாலர் தருவதாக 2020 ஜனவரியில் அது ஒப்புக்கொண்டது. ஓபியாய்டு அடிமைத்தனத்தால் அந்நாட்டில் ஆயிரக்கணக்கானோர் மாண்டுகொண்டிருந்த காலம் அது. திரையில் எழுந்த குறிப்பை மருத்துவ அறிவின் குரல் என்றே மருத்துவர் நம்பியிருப்பார். விளம்பரமாக வந்திருந்தால் அவர் எச்சரிக்கையாக இருந்திருக்க முடியும்.

நினைவூட்டலை மீற முடியாதபடி பூட்டிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பிலடெல்பியாவில் அதையும் செய்து பார்த்தார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபாரினையும், அதன் வீரியத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தும் ஒரு சல்ஃபா மருந்தையும் சேர்த்து எழுத முயன்றால், கணினி ஏறக்குறைய முழுமையாக மறித்தது. தடை மிக நன்றாகவே வேலை செய்தது. ஆனால் தேவையான மருந்து நான்கு நோயாளிகளுக்குத் தாமதமானதால் ஆய்வையே இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. 2010இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. நூறு பேருக்குப் பொருந்தும் விதி எதிரில் படுத்திருக்கும் ஒருவருக்குப் பொருந்தாமல் போகலாம். அதைக் கண்டு மீறும் உரிமை மருத்துவரிடம் இருந்தாக வேண்டும். நினைவில் வைக்கும் கடமையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம், தீர்மானிக்கும் கடமையை ஒப்படைக்க முடியாது.

நினைவூட்டலையும் சோதித்த பிறகே திரையில் வைக்க வேண்டும் என்றால், வலுவான மறுப்பு வேறொன்று எழும். நினைவூட்டல் வெறும் தகவல்தானே, கூடுதல் தகவலால் யாருக்கு என்ன கெடுதல், அதற்குப் போய் மருந்தைச் சோதிப்பதுபோல் சோதனை எதற்கு என்பார்கள். யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆறு மருத்துவமனைகளில் 6,030 நோயாளிகளிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டிருப்பதை மருத்துவருக்குத் தெரிவிக்கும் எச்சரிக்கையைச் சோதித்தார்கள். மொத்தத்தில் பயன் ஏதும் தெரியவில்லை. பயிற்சி மருத்துவமனைகளாக இல்லாத இரண்டில், எச்சரிக்கை வராத பிரிவில் 8.6 விழுக்காட்டினர் இறந்தனர். வந்த பிரிவில் 15.6 விழுக்காட்டினர். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாக ஒதுக்கிச் சோதித்திராவிட்டால், நல்லெண்ணத்தோடு வைத்த அந்த எச்சரிக்கை எல்லாத் திரைகளிலும் இன்றும் எழுந்துகொண்டிருக்கும். மறுபுறம், பாஸ்டனில் 2,506 நோயாளிகளிடம் சோதித்து 2005இல் வெளியிட்ட எச்சரிக்கை, இரத்தக்கட்டு அபாயம் மிகுந்தும் தடுப்புச் சிகிச்சை பெறாதவர்களுக்கு மட்டுமே எழுந்தது. தொண்ணூறு நாட்களுக்குள் இரத்தக்கட்டு ஏற்பட்டவர்கள் 8.2 விழுக்காட்டிலிருந்து 4.9 ஆகக் குறைந்தார்கள். யாருக்காக, எப்போது எழ வேண்டும் என்று எண்ணிப் பார்த்து அமைத்த எச்சரிக்கை அது.

ஓர் எச்சரிக்கையை நீக்கிய பிறகு, அது இருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒருவர் இறந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நீக்கியதால் இறந்தவருக்குப் பெயரும் முகமும் உண்டு, அவர் குடும்பம் வழக்குத் தொடுக்கும். தேவையற்ற எச்சரிக்கைகளால் மருத்துவரின் கவனம் தேய்ந்து, அதனால் இறந்தவரை யாரும் அடையாளம் காண்பதில்லை. முன்னவரை மட்டும் கணக்கில் எடுப்பது மருத்துவமனைக்குப் பாதுகாப்பு, நோயாளிக்கு அது துரோகம். ஆகவே ஒவ்வொரு நினைவூட்டலுக்கும் கையெழுத்திட்ட பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். எந்த ஆதாரத்தில், எந்த நாளில், யார் பணத்தில் அது வைக்கப்பட்டது என்பது பதிவாக வேண்டும். எத்தனை முறை, என்ன காரணத்துக்காகத் தள்ளப்பட்டது என்பதை அந்தப் பொறுப்பாளர் படித்து, பயனில்லாததை நீக்கவும் தன் பெயரையே இட வேண்டும். தன் சிகிச்சையைத் தீர்மானித்த நினைவூட்டல் எது, அதை வைத்தவர் யார் என்று நோயாளி கேட்டால் மருத்துவமனை அந்தப் பதிவை எடுத்துக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறது.