நிய்யத்து மட்டும் போதுமா?

கல்முனைக் கரையில் நோயாளியைப் பராமரிப்பது முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் புதிய வேலை அல்ல. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கலியாணமானவள் தாய்வீட்டை விட்டுத் தூரம் போவதில்லை. மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். அதனால் மூத்தம்மாவின் படுக்கைப்புண்ணைத் துடைப்பதும், ராத்தாவின் பிள்ளைப்பேற்றுக்குக் கூடமாட நிற்பதும் சின்ன வயதிலேயே பழகிவிடும்.

அதே பிள்ளை ஏ.எல். விஞ்ஞானப் பிரிவில் தேறி, மூன்று வருடத் தாதியர் பயிற்சியில் சேர்ந்ததும் உடற்கூற்றியல், நுண்ணுயிரியல், மருந்தியல் என்று பாடங்கள் குவிகின்றன. தமிழில் படித்து வந்தவள் எலும்புக்கும் நாளத்துக்கும் ஆங்கிலப் பெயர்களை மனனம் செய்ய வேண்டும். பகலெல்லாம் வாட்டில் நின்ற கால்வலியோடு இரவில் குறிப்பெழுத வேண்டும். அப்போது அவளுக்குள் ஒரு கேள்வி எழுந்தால் அது மார்க்கக் கேள்விதான்: நோயாளிக்கு உதவும் நிய்யத்தோடு, அந்த நல்லெண்ணத்தோடு வந்தவளுக்கு இத்தனை ஏடு எதற்கு? ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸே நிய்யத்தைப் பற்றியதுதானே?

இதற்கு மறுமொழி இன்னொரு ஹதீஸில் இருக்கிறது. மருத்துவம் அறியாமல் வைத்தியம் பார்த்து ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், வைத்தியம் பார்த்தவரே அதற்குப் பொறுப்பாளி என்பது அபூதாவூத் பதிவு செய்திருக்கும் அறிவிப்பின் கருத்து. ஃபிக்ஹ் எனும் மார்க்கச் சட்ட நூல்கள் வைத்தியருக்கான இழப்பீட்டுச் சட்டத்தை இதன்மேல் கட்டின. அவர் நல்லெண்ணத்தோடு செய்தாரா என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை.

வாட்டில் இதன் பொருள் உடனே விளங்கும். 0.5 மில்லிகிராமில் புள்ளியைத் தவறவிட்டால் மருந்து பத்து மடங்காகிவிடும். பொட்டாசியம் குளோரைட்டை நீர்க்காமல் நேரே நாளத்தில் ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடும். ஏற்றியவள் ஐந்து நேரமும் தொழுபவள் என்பது அந்த இதயத்தை மறுபடி ஓடவைக்காது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது இந்தக் கரை அடங்கிய அம்பாறை மாவட்டம். அன்று உதவ ஓடிவந்த கைகளுக்குப் பஞ்சமிருக்கவில்லை. ஆனால் சேறும் கடல்நீரும் புகுந்த காயத்தை உடனே தைத்து மூடினால் உள்ளே சீழ் கட்டும். கழுவித் திறந்து வைத்து, சில நாள் கழித்தே மூட வேண்டும். இரக்கம் மட்டும் இருப்பவருக்குத் தைக்கத்தான் கை துறுதுறுக்கும். பொறுக்கச் சொல்வது படிப்பு.

நம் பயான்களில் நபித்தோழி ருஃபைதா அல்அஸ்லமிய்யாவின் பெயர் வந்தால் அவருடைய பரிவைப் பற்றியே கேட்கிறோம். கி.பி. 627 இல் அகழ்ப்போரில் அம்பு பாய்ந்த நபித்தோழர் ஸஃத் இப்னு முஆதை, மதீனாப் பள்ளியில் இருந்த ருஃபைதாவின் கூடாரத்தில்தான் நபியவர்கள் வைக்கச் செய்தார்கள். பரிவுள்ள பெண்கள் மதீனாவில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். காயத்துக்கு மருந்திடத் தெரிந்தவரின் கூடாரம் அது என்பதைச் சொல்லாமல் விட்டால் கதையில் பாதி போய்விடுகிறது.

1111 இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி இந்தக் கரை பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர். இஹ்யா என்ற தம் நூலின் கல்வி பற்றிய பகுதியில் அவர் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயாவாக, அதாவது ஊரில் சிலராவது செய்யாவிட்டால் ஊரே குற்றவாளியாகும் கடமையாக வைக்கிறார். கூடவே ஒரு முறைப்பாடும்: எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் இல்லை, எல்லோரும் ஃபிக்ஹுக்கும் தர்க்கத்துக்கும் முண்டியடிக்கிறார்கள்! ஒன்பது நூற்றாண்டு கழிந்தும் அந்த முறைப்பாடு தீர்ந்ததாகத் தெரியவில்லை. டாக்டராகும் மகளை ஊர் கொண்டாடுகிறது. தாதியாகும் மகளைப் பற்றி "நைட் டியூட்டி வருமே" என்று இழுக்கிறது.

படித்தவளுக்கு மனசு வறண்டுபோகாதா என்று கேட்பவர்கள் உண்டு. போகலாம்தான். அதைக் காக்கத்தான் நிய்யத்து. படிப்புக்குப் பதிலாக வைத்துக்கொள்வதற்கு அல்ல. மருந்தளவுக் கணக்கை விளங்கும்வரை போட்டுப் பார்க்கும் இரவும் இபாதத்தில்தான் சேரும்.

ஜும்ஆவில் ருஃபைதாவைப் பற்றிப் பேசும் மவ்லவிமார் கஸ்ஸாலியின் முறைப்பாட்டையும் சேர்த்துப் பேசட்டும். வீட்டாரும் பரீட்சை மாதத்தில் அந்தப் பிள்ளையைக் கலியாண வீட்டு வேலைக்கு இழுக்காமல் ஒரு மேசையும் கொஞ்சம் அமைதியும் கொடுக்கட்டும்.