அழுக்கு யாருடையது?

பட்டைப் போல் மடியான துணி வேறில்லை என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் தீர்ப்பு. பருத்திப் புடவையை அன்றன்று நனைத்து உலர்த்தினால்தான் பூஜையறைக்கு ஆகும். பட்டுக்கு அந்தக் கட்டாயமில்லை. நேற்று உடுத்தியதை இன்றும் உடுத்தலாம், விழுப்பு ஒட்டாது என்பார்கள். பட்டு பிறவியிலேயே தூய்மையானது என்று வைத்துவிட்டார்கள். அந்தத் தூய்மை எப்படி உண்டாக்கப்படுகிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் ஆரணிக்குப் போய் ஒரு சாயப்பட்டறையின் பின்புறத்தில் நிற்க வேண்டும். முன்புறம் நின்றால் நிறங்கள்தாம் தெரியும்.

புழு கூடு கட்டும்போது நூலோடு ஒரு பசையையும் சேர்த்தே சுரக்கிறது. கச்சாப் பட்டின் எடையில் நான்கில் ஒரு பங்கு வரை இந்தப் பசைதான். இரசாயனம் படித்தவர்கள் இதைச் செரிசின் என்கிறார்கள். இது போனாலொழியப் பட்டில் மினுமினுப்பு வராது. சாயமும் சீராகப் பிடிக்காது. ஆகவே சோப்பும் சோடாவும் கரைத்த கொதிநீரில் சிட்டங்களைக் காய்ச்சுகிறார்கள். அப்புறம் அலசல், அப்புறம் புளிப்பு சேர்த்த சாயத் தொட்டி, மறுபடியும் அலசல். ஒரு முழுக்குக்கு நூலின் எடையைப் போல முப்பது மடங்கு நீர் என்பது ஒரு பொதுக் கணக்கு. ஆரணிப் புடவை கனமில்லாதது என்று பெயர் வாங்கியது. அரைக் கிலோ பட்டு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு முழுக்குக்குப் பதினைந்து லிட்டர், அதாவது ஒரு குடம். நான்கு முழுக்குக்கு நான்கு குடம். புடவை மடித்துப் பெட்டியில் வைக்கப்பட்டுக் கடைக்குப் போகிறது. குடங்கள் எங்கே போகின்றன?

“அது கால்வாயோட போயிடும் சார்” என்றார் ஒரு பட்டறைக்காரர். அவர் சொன்னதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. நாம் எல்லாருமே அப்படித்தான் பேசுகிறோம். ஆனால் ‘போய்விடும்’ என்ற அந்தச் சொல்லைச் சற்று நிறுத்தி விசாரித்துப் பார்த்தால், அது நம் கண்ணை விட்டுப் போவதை மட்டுமே சொல்கிறது என்று தெரியும். உலகத்தை விட்டு எதுவும் போவதில்லை. கால்வாய் தாழ்ந்த இடத்தைத் தேடும். தாழ்ந்த இடத்தில் ஓர் ஏரி இருக்கும், அல்லது கமண்டல நாகநதியின் மணல் இருக்கும். அதற்கு அப்பால் யாரோ ஒருவருடைய கிணறு இருக்கும். புறத்தைத் தூய்மை செய்ய நீர் இருக்கிறது என்று சொன்ன வள்ளுவர், அந்த நீரை எது தூய்மை செய்யும் என்று சொல்லவில்லை. அவர் காலத்தில் அதைக் கேட்க வேண்டிய அவசியம் இருந்திராது.

இதில் கண்ணும் நம்மை ஏமாற்றுகிறது. சாக்கடை சிவப்பாக ஓடினால் ஊர் கூச்சல் போடும். பட்டிலோ, பக்குவமாகச் சாயமேற்றினால் பெரும்பகுதி சாயம் நூலிலேயே ஏறிக்கொள்ளும். கலங்கிய கஞ்சியைப் போல் ஓடுகிற பசைநீரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பசை ஒரு புரதம், அழுகும். அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்துவிடும், மீன் மூச்சு முட்டிச் சாகும். சோடாவுக்கு நிறமே கிடையாது. நிலத்தில் தொடர்ந்து பாய்ந்தால் மண் இறுகி, நீரை உள்ளே விடாமல் போகும். கண்ணை உறுத்துவதை அழுக்கென்றும், உறுத்தாததைத் தண்ணீரென்றும் எண்ணிப் பழகிவிட்டோம்.

அழுக்கை யார் ஏற்பது என்ற கேள்விக்கு நம் சமூகம் வெகுகாலத்துக்கு முன்பே ஒரு விடை கண்டுபிடித்து வைத்திருந்தது. வெட்கப்பட வேண்டிய விடை. துணி வெளுக்கிறவனையும் தோல் பதனிடுகிறவனையும் சாக்கடை அள்ளுகிறவனையும் ஊருக்கு வெளியே குடிவைத்து, அழுக்கைத் தொடுகிறவனே அழுக்கு என்று முடித்துவிட்டது. கொடுத்தவன் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனான். ஆள் மாறிக் கால்வாய் வந்திருக்கிறதே தவிர, மனசு அதே மனசுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் வேறு விதமாகச் சொல்லத் தொடங்கியது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் வந்தது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் சாலைகளைப் பற்றிய வேலூர் வழக்கில் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்றது. 1989 வரை வேலூரும் ஆரணியும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். தீர்ப்பு நமக்கு அந்நியமானதல்ல. நல்ல நியாயந்தான். ஆனால் கெடுத்தவன் யார்? கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு கொப்பரை முன் வேகிறவனா? நூலைக் கொடுத்து அனுப்பிய வியாபாரியா? முகூர்த்தப் புடவைக்குப் பேரம் பேசிய நாமா?

திருப்பூரில் என்ன நடந்தது என்று பாருங்கள். பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாகிவிட்டது. அணை நீரைத் திறந்துவிடாதே என்று உழவர்களே கெஞ்சும்படி ஆயிற்று. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாதென்று காட்டினால்தான் திறக்கலாம் என்று ஆயிற்று. அது பருத்தி, உப்பு ஏராளமாகக் கொட்டுகிற சாயம். ஆரணிப் பட்டை அதோடு சமமாக வைக்க மாட்டேன். பெரிய முதல் போட முடிந்தவர்கள் எழுந்தார்கள். முடியாத சிறியவர்கள் பலர் தொழிலையே விட்டார்கள். மூடச் சொன்னது தவறென்று நான் சொல்லவில்லை; ஆற்றுக்கும் உழவனுக்கும் வேறு வழி இருக்கவில்லை. ஆனால் மலிவாகப் பனியன் வாங்கிப் போட்ட உலகம் அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

கடைக்குப் போகிறோம். ஜரிகையைத் தேய்த்துப் பார்க்கிறோம், எடை கேட்கிறோம், “சாயம் போகுமா?” என்று தவறாமல் கேட்கிறோம். “போகவே போகாதம்மா” என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது மெய்யாகவே இருக்கலாம். போக வேண்டியது கடைக்கு வருமுன்பே போய்விட்டது. அந்த நான்கு குடமும் புடவையின் விலைக்குள் வர வேண்டும் என்பது என் கட்சி. விலை ஏறினால் நெசவாளி பிழைப்பானா என்று கேட்கிறவர்கள், கடையின் குளிர்ச்சாதனத்துக்கும் கண்ணாடி விளக்குக்கும் நாம் முணுமுணுக்காமல் கொடுப்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆனால் பணம் கொடுத்துவிட்டால் மறந்துவிடும் உரிமை வந்துவிடுமா என்றால், அதிலும் எனக்குச் சம்மதமில்லை. காய்ச்சிய நீரில் காரம், சாய நீரில் புளிப்பு. இரண்டையும் கலந்தால் ஒன்றையொன்று ஓரளவு தணிக்கும். சுண்ணாம்பும் படிகாரமும் இட்டால் கசடு அடியில் தங்கும். நீர் தெளியும், கசடு இருக்கும். அதையும் ஓர் இடத்தில் வைத்தாக வேண்டும். செரிசினைத் தனியே பிரித்தெடுத்தால் முகப்பூச்சுகளில் சேர்க்கும் சரக்காகிறது என்பது உண்மையே. ஒற்றைக் கொப்பரைப் பட்டறையில் அதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

இவற்றையெல்லாம் அந்தப் பட்டறைக்காரரிடம் சொன்னேன். பல பட்டறைகள் சேர்ந்து ஒரு பொதுத் தொட்டி கட்டினால் என்ன என்றும் கேட்டேன். கோலில் தொங்கிய சிட்டத்தைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னார்:

“கட்டலாம் சார். எல்லாருமே கட்டணும்னுதான் சொல்றாங்க. யார் வீட்டுப் பக்கத்துல கட்டறதுன்னு கேட்டாத்தான் யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க.”