பள்ளிக்கூடத்தில் போட்ட தேதி

தமிழ்நாட்டில் பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். மே, ஜூன் மாதங்களில் பிறந்த பிள்ளைகளே அதிகம் இருப்பார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால், சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு வாத்தியார் கணக்குப் பார்த்து ஒரு தேதி போட்டுவிடுவார். நீலகிரியின் கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் இதற்குக் காரணங்கள் இன்னும் கூடுதல். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் குடியிருப்புகளில் நெடுங்காலம் வீட்டிலேயே பிரசவம் நடந்தது. இலங்கையோடு செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் பெட்டியில் கொண்டுவந்தது வேறு நாட்டுத் தாள்களை. "பெரிய மழை பெஞ்சு மண்ணு சரிஞ்சுதே, அந்த வருஷம் பொறந்தான் சார்" என்று அம்மா சொன்னால் போதும், பதிவேட்டில் ஒரு தேதி ஏறிவிடும்.

பிள்ளை போலீசில் மாட்டும் நாள்வரை அந்தத் தேதியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

குற்றத்தில் சிக்கிய பிள்ளையைப் பற்றிச் சட்டம் முதலில் கேட்பது வயதைத்தான். என்ன செய்தான் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஏழு வயது நிரம்பாத பிள்ளை செய்த எதுவும் குற்றமே ஆகாது. ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குள் என்றால், தான் செய்வது என்னவென்று புரியும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த இரண்டு விதிகளும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 20, 21ஆம் பிரிவுகளில் அப்படியே தொடர்கின்றன. ஏழுக்கு மேல் பதினெட்டு நிரம்பும்வரை பொருந்துவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அந்தச் சட்டத்தில் 'சிறுவர் குற்றவாளி' என்ற சொல்லே கிடையாது. 'சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை' என்றுதான் இருக்கிறது.

இந்தத் துறையில் நம் மாகாணம் முன்னே நடந்தது. பிள்ளைகளைப் பெரியவர்களோடு சேர்த்துச் சிறையில் அடைக்கக் கூடாது என்ற எண்ணத்தில் செங்கல்பட்டில் 1887இலேயே சீர்திருத்தப் பள்ளி வந்துவிட்டது. இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டம் 1920இல் சென்னையில் பிறந்தது. வங்காளமும் பம்பாயும் பின்னால் வந்தன. நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் 1986இல்தான். அதில் ஆண்பிள்ளைக்குப் பதினாறு, பெண்பிள்ளைக்குப் பதினெட்டு என்று எல்லை இருந்தது. 2000இல் இருவருக்கும் பதினெட்டு ஆயிற்று. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு எழுந்த கோபத்தில், பதினாறு முதல் பதினெட்டு வரை உள்ளவர்களுக்கு 2015 சட்டம் தனி வாசல் ஒன்றைத் திறந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

இப்போது ஒரு பையனை நினைத்துக்கொள்வோம். தேவாலாப் பக்கம் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறான், பெரியவர்கள் இருவரோடு சேர்ந்து மிளகு திருடினான் என்று வைத்துக்கொள்வோம். களத்தில் காயவைத்திருந்த மிளகு என்றால் அது சாதாரணத் திருட்டு. அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு என்பதால், இளைஞர் நீதிச் சட்டப்படி சிறு குற்றம். அதே மிளகைப் பொருள் வைக்கும் கொட்டகைக்குள் புகுந்து எடுத்திருந்தால் ஏழு ஆண்டுவரை தண்டனைக்குரியது, கடும் குற்றம். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் கொடுங்குற்றம். கொலை, பாலியல் வன்கொடுமை எல்லாம் இதில் வரும்.

மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளின்படி சிறு குற்றத்துக்கும் கடும் குற்றத்துக்கும் குழந்தை மீது எப்.ஐ.ஆர். போடுவதில்லை, நிலைய நாட்குறிப்பில் எழுதி, குடும்பப் பின்னணி அறிக்கையோடு அனுப்ப வேண்டும். நம் பையனோடு பெரியவர்கள் இருந்ததால் எப்.ஐ.ஆர். வரும். ஆனாலும் அவர்களோடு சேர்த்து அவனை விசாரிக்க முடியாது. அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, கைவிலங்கு மாட்டக் கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். பணியாளர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மாவட்டத் தலைநகர் உதகை, கூடலூரிலிருந்து நடுவட்டம் வழியாக ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும் என்பதைச் சட்டப் புத்தகம் எங்கும் எழுதவில்லை.

ஜாமீன் கொடுப்பதுதான் விதி. கெட்ட சகவாசத்துக்குப் போய்விடுவான், அவனுக்கே ஆபத்து வரும், நீதி கெட்டுப்போகும் என்பது போன்ற காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும், இரண்டு மாதம் நீட்டலாம். சிறு குற்ற விசாரணை அதற்குள்ளும் முடியாவிட்டால் வழக்கு அத்தோடு முடிந்தது. செய்தது உண்மை என்று தெரிந்தாலும் புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பில் விடலாம். எல்லாவற்றுக்கும் மேலே போனால் சிறப்பு இல்லத்தில் மூன்று ஆண்டு. அவன் பெயரும் படமும் பத்திரிகையில் வரக் கூடாது. பிற்காலத்தில் வேலைக்குப் போகும்போது இந்த வழக்கு அவனுக்குத் தடையாகவும் கூடாது.

இவ்வளவும் அந்தப் பையன் பதினெட்டுக்குக் கீழே என்று நிலைநாட்டப்பட்டால்தான். பதினெட்டு நிரம்பிவிட்டதென்று பதிவானால் அன்று மாலையே அவன் பெரியவர்களின் வழியில் போய்விடுவான்.

வயதை எப்படி நிலைநாட்டுவது என்பதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லையென்றால் நகராட்சி அல்லது ஊராட்சி தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவப் பரிசோதனை. அந்தப் பரிசோதனை இரண்டு ஆண்டுவரை முன்பின் போகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1982இலேயே ஒப்புக்கொண்டது. பதினேழு வயதுப் பையனுக்கு இரண்டு ஆண்டு என்பது வாழ்க்கையையே மாற்றும் இடைவெளி. வயதைக் கணக்கிட வேண்டியது குற்றம் நடந்த நாளை வைத்துத்தான், நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்ட நாளை வைத்து அல்ல என்று 2005இல் அரசியல் சாசன அமர்வு தீர்த்துவைத்தது.

காகிதம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு வழக்கு. 1994இல் புனேயில் நடந்த ஏழு பேர் கொலையில் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளியின் பதிவு பிற்பாடு வெளியே வந்தது. அதன்படி கொலை நடந்த அன்று அவருக்கு வயது பன்னிரண்டரை. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது 28 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார். சிறுவன் என்ற வாதத்தை எந்தக் கட்டத்திலும், தீர்ப்பு இறுதியான பிறகும்கூட எழுப்பலாம் என்று சட்டம் சொல்வதால்தான் அவர் உயிர் தப்பியது. வெளியே வரும்வரை அந்தப் பள்ளிப் பதிவேடு எங்கோ அலமாரியில் கிடந்தது.

தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்று வேறு பாடம் சொல்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வந்த வழக்கு அது. பெண்ணின் வயதுக்கு ஆதாரமாக டி.சி.யையும் சேர்க்கைப் பதிவேட்டின் நகலையும் காட்டினார்கள். 94ஆம் பிரிவு கேட்கும் சான்று இவையல்ல என்று 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவ அறிக்கை பதினெட்டு முதல் இருபதுவரை என்றிருந்தது, தண்டனை ரத்தாயிற்று. டி.சி. கையில் இருந்தால் போதும் என்று நம்பியிருக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

போக்சோ இந்த மலைக்குத் தூரமான விஷயம் அல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாட்டில், தங்கள் வழக்கப்படி சிறுவயதிலேயே சேர்ந்து வாழத் தொடங்கிய பணியர் இளைஞர்கள் பலர் இந்தச் சட்டத்தில் சிறைக்குப் போனது பெரிய விவாதமானது. இங்கும் குடும்பங்கள் அதே குடும்பங்கள்தான். பையனுக்குப் பதினாறு நிரம்பியிருந்தால், முன்னே சொன்ன தனி வாசல் இங்கே திறக்கும். குற்றச்சாட்டு கொடுங்குற்றம் என்றால், அவனுடைய மன, உடல் திறனையும் விளைவை உணரும் ஆற்றலையும் சூழ்நிலையையும் குழுமம் மூன்று மாதத்துக்குள் எடைபோட வேண்டும். பெரியவரைப் போல விசாரிக்கலாம் என்று கருதினால் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அப்போதும் தூக்கு கிடையாது, விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. இந்த வாசல் தேவையில்லாதது என்பது என் கருத்து. காதலித்து ஓடிப்போன பதினேழு வயதுப் பையனையும் கொலை செய்தவனையும் ஒரே தராசில் நிறுத்துகிற சட்டம், எடைபோடும் மூன்று பேரின் மனத்தை நம்பி மட்டுமே நிற்கிறது.

சட்டத்தின் சொற்கள் கனிவானவை என்பதால் இல்லங்களும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிட முடியவில்லை. 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துக் கொல்லப்பட்டான்; ஊழியர்கள் கைதானார்கள். இல்லங்களைச் சீரமைக்க ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்து, 2023இல் அறிக்கை கொடுத்தது. 1887இலேயே சீர்திருத்தப் பள்ளி வந்த அதே ஊர் செங்கல்பட்டு.

கூடலூர்ப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிறப்பைப் பதியாத பிள்ளை வீட்டில் இருந்தால், வயது எத்தனை ஆனாலும் இப்போதே பதியுங்கள்; ஓராண்டு தாண்டியிருந்தால் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். பள்ளியில் இருக்கும் தேதி தவறென்றால், பத்தாம் வகுப்புச் சான்றில் ஏறுவதற்குள் திருத்துங்கள். டி.சி.யோடு நிறுத்தாமல், பிறந்த தேதிச் சான்று என்று தனியாகக் கேட்டு வாங்கி வையுங்கள். போலீஸ் கூட்டிப்போனால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள்.