நிரையும் நிறைவும்

உழைப்பின் மதிப்பை அளக்கும் கோல் எது? உழைத்தவர் பெற்ற வெற்றியா? உழைத்த இடம் அவருக்கே உரிமையாவதா? அன்றி, உழைப்பில் அவர் காட்டிய நேர்மையா? இவ்வினா அறநூல்களுக்கு மட்டும் உரியதன்று. நாள்தோறும் வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவர் வாழ்விலும் எழுவது.

மலாக்கா மாநிலத்தில் இவ்வினாவிற்கு நெடிய வரலாறு உண்டு. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்குடன் எழுந்த ரப்பர்த் தோட்டங்களுக்கு அது முன்னோடி. பின்னர்ப் பெருகிய தோட்டங்களில் தமிழர் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, தமக்கென ஒதுக்கப்பட்ட நிரையில் பால் மரம் வெட்டினர். மரம் அவருடையதன்று; நிலமும் அவருடையதன்று. ஆனால், கத்தியைச் செலுத்தும் திறன் அவருடையதே. ஆழமாக வெட்டினால் மரம் புண்படும். மேலாக வெட்டினால் பால் குறையும். இரண்டிற்கும் இடைப்பட்ட நுட்பத்தை அறிந்த கையைக் கூலிக்கை என்று இகழ்தல் தகுமா?

இதே இகழ்ச்சி இன்று விளையாட்டுத் துறையிலும் ஒலிக்கிறது. ஒரு பருவத்திற்கு ஓர் ஒப்பந்தம் என நாடுவிட்டு நாடு சென்று ஆடுவோர் பலர். 2009ஆம் ஆண்டில் தொடங்கிய ஆசியான் கூடைப்பந்து லீக்கில், கோலாலம்பூர் அணி உள்ளிட்ட அணிகளுக்கு அமெரிக்கரும் பிறரும் இவ்வாறு வந்து ஆடினர். பருவம் முடிந்ததும் வேறு நகர், வேறு சட்டை. “இவர்களுக்கு ஏது பற்று?” என்று கேட்போர் உண்டு.

இவ்வினாவிற்கு விடை தேடுவோர், தர்ஜினி சிவலிங்கத்தின் வாழ்வை நோக்குதல் நலம். யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண்ணாகிய இவர், கூடைப்பந்தின் உடன்பிறப்பாகிய வலைப்பந்து ஆட்டத்தில் சிறந்தவர். இவரது உயரம் 208 சென்டிமீட்டர். உள்நாட்டுப் போர் முடிந்த அதே 2009ஆம் ஆண்டில், இலங்கை அணியுடன் ஆசிய வாகை சூடினார். பின்னர் ஆஸ்திரேலியா சென்று, மெல்பர்ன் நகரின் சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் அணிக்கு ஆடினார். அயலார் அணியில் ஆடிய கை, தாயக அணிக்கு ஆடியபோது தளரவில்லை. 2018ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நடந்த ஆசியப் போட்டியிலும் இலங்கை வாகை சூடியது; அவ்வணியிலும் இவர் இருந்தார்.

வலைப்பந்தை ஆடிய மாணவியர் அதன் விதியை அறிவர். அணிக்கு எழுவர், அவருள் இருவரே கோல் எறியலாம். ‘கோல் சூட்டர்’ எனப்படுபவர் திடலின் மூன்றில் ஒரு பகுதியைத் தாண்டலாகாது. மறுமுனையில் தம் அணி எத்துணை இடர்ப்பட்டாலும் ஓடிச்சென்று உதவ இயலாது. தர்ஜினி ஆடிய இடம் அதுவே.

2019ஆம் ஆண்டில் லிவர்பூலில் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. அதில் தர்ஜினி 348 கோல்கள் போட்டார். போட்டியில் பங்குகொண்ட அனைவருள்ளும் மிகுதியான எண்ணிக்கை அது. ஆயின், 16 அணிகளுள் இலங்கை பெற்ற இடம் 15. வெற்றியே அளவுகோல் எனின் அந்த 348 கோல்களும் வீண். அவ்வாறு சொல்ல எந்த மனமும் துணியாது. தம் எல்லைக்குள் ஆற்றவேண்டியதை அவர் குறைவற ஆற்றினார். அந்நிறைவைத் தோல்வி பறிக்கவில்லை.

ஆயினும், ஈண்டு ஓர் இடர் உண்டு. “உன் நிரையைப் பார், மற்றதைக் கேளாதே” என்பது உழைப்பைச் சுரண்டுவோர்க்கும் உவப்பான அறிவுரையன்றோ? கடமையுணர்வு அடிமையுணர்வாக மாறும் இடம் எது?

விடை அந்தக் கோட்டிலேயே உள்ளது. வலைப்பந்துத் திடலின் கோடு இரு அணியினர்க்கும் ஒன்றே. ஆடுவோர் அதனை அறிந்து ஏற்றுக் களம் புகுகின்றனர். தோட்டத்தின் கோட்டையோ ஒரு தரப்பே வரைந்தது. உதவிப்பணம் தந்து ஆள் சேர்க்கும் முறையை 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடைசெய்தது. 1954ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. கூலியையும் வேலை அளவையும் பற்றிப் பேசத் தொழிலாளர்க்கு ஒரு குரல் கிடைத்தது. அச்சங்கத்தில் சேர்ந்தவர் மறுநாள் மரத்தைப் பாழாக்கவில்லை. நிரையைச் செம்மையாக வெட்டிய கையே, கூலியை உயர்த்தக் கேட்டும் உயர்ந்தது. இரண்டும் ஒரே தன்மானத்தின் இரு செயல்கள்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் பயிர் மாறியும் போயின. ஜாசின், அலோர் காஜா, மலாக்கா நகர் எனக் குடிபெயர்ந்தோரின் பிள்ளைகளுள் ஒப்பந்த வேலைக்குச் செல்வோர் உளர். சிங்கப்பூருக்குச் செல்வோரும் உளர். “சொந்த இடம் இல்லையே” என்ற ஏக்கமும், “கூலிக்கு இவ்வளவு போதும்” என்ற சோம்பலும் அவர்களை ஒருங்கே இழுக்கும். இரண்டிற்கும் இடங்கொடாமல் இருக்க, ஆசிரியர் அவர்களுக்கு இரண்டு கற்பித்தல் வேண்டும்: எல்லைக்குள் நின்று குறைவற உழைத்தல், அவ்வெல்லை நேரியதா என்று அஞ்சாது கேட்டல். முன்னதை மட்டும் கற்றவர் நல்ல வேலையாளாவார். இரண்டும் கற்றவரே நல்ல மனிதராவார்.