வளவுக்குள் விருந்தாளி

செட்டிநாட்டு ஊர்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஒரு வருத்தத்தைச் சொல்வதுண்டு. "எப்பேர்ப்பட்ட வீடு! அதைப் போய் ஓட்டலாக்கி, ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டுவிட்டார்களே!" கல்யாணம் நடந்த வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், முன்பின் தெரியாதவர்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு போவது மனசுக்கு ஒப்பாமல் இருப்பது இயல்புதான். இருந்தாலும் அந்த வருத்தம் இடம் மாறி விழுகிறது என்பது என் கட்சி. கானாடுகாத்தானில் 'விசாலம்', கோத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்', கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்' என்று விடுதிகளாகிவிட்ட வீடுகள் கொஞ்சம்தான். பூட்டிக் கிடக்கிற வீடுகளோ தெருத்தெருவாக இருக்கின்றன. விளக்கு எரிகிற வீட்டைப் பார்த்து வருந்திவிட்டு, இருண்டு கிடக்கிற வீட்டை "அடடா, என்ன அழகு" என்று படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறோம்.

பூட்டு ஏன் விழுந்தது என்று பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-களின் தொடக்கம் வரைக்கும் பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார், சம்பாதித்ததை ஊரில் வீடாக எழுப்பினார்கள். தூணுக்குப் பர்மாத் தேக்கு, தரைக்கு இத்தாலியப் பளிங்கு, ஜன்னலுக்கு பெல்ஜியம் கண்ணாடி. முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது பலர் போட்டது போட்டபடி கிளம்பி வந்தார்கள். போருக்குப் பிறகு அங்கிருந்த நிலமும் அரசுடைமையாகிக் கைவிட்டுப் போனது. வீட்டைக் கட்டிய வருமானம் நின்றுவிட்டது. அத்தனை பெரிய வீடு மட்டும் மிஞ்சியது. பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் பிழைக்கப் போனார்கள். நகரத்தார் வழக்கில் கல்யாணமான ஒவ்வொரு ஆண்மகனும் ஒரு புள்ளி. தாத்தா காலத்தில் மூன்று புள்ளிக்குச் சொந்தமாக இருந்த வீடு, பேரன் காலத்தில் இருபது முப்பது பங்காகிவிடுகிறது. விற்பதற்கு அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும். ஓடு மாற்ற அத்தனை பேர் பணமும் வேண்டும். ஒருவர் பதில் போடவில்லை என்றாலும் காரியம் நின்றுபோகும். இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

ஆனால் மழை யாருக்காகவும் காத்திருக்காது. நாட்டு ஓடு வேய்ந்த கூரையில் குரங்கு ஒன்று தாவினால் போதும், ஓர் ஓடு நகர்ந்துவிடும். ஆள் இருக்கிற வீட்டில் மறுநாள் காலையில் தரையில் ஈரத்தைப் பார்த்துவிட்டு ஆச்சி ஆளைக் கூப்பிட்டு விடுவார். அரை மணி நேர வேலை. பூட்டிய வீட்டில் அந்தத் தண்ணீர் கைமரத்தில் இறங்கி, உத்திரத்துக்குப் போய், சுவருக்குள் ஊறும். சுண்ணாம்பும் மணலும் கடுக்காயும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்துப் பூசி, முகம் தெரிகிற மாதிரி தேய்த்தெடுத்த பூச்சு முதலில் உப்பும், பிறகு பொருக்குப் பொருக்காக உதிரும். முன்னோர்களுக்குப் பங்காளிகள் கூடிச் செய்யும் அடுத்த படைப்புக்கு எல்லோரும் வந்து கதவைத் திறக்கும்போது கூரையின் ஒரு மூலை தரையில் கிடக்கும். யாராவது ஒருவர், "இனிமேல் தாங்காது, பிரித்து விற்றுவிடலாம்" என்பார். அந்தப் பேச்சு எங்கே போய் முடிகிறது என்று பார்க்க, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்குப் போக வேண்டும். நிலையும் கதவும் தூணும் எனாமல் தூக்கும் ஒரு பக்கம் அடுக்கியிருக்கும். இன்னொரு பக்கம் சட்டம் போட்ட குடும்பப் படங்கள், இன்னார் என்று சொல்ல ஆள் இல்லாமல். 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறியது நல்ல செய்திதான். ஆனாலும் ஓடு மாற்றுகிற கொத்தனாருக்குக் கூலி கொடுக்க ஒருவர் வேண்டும். விடுதியான வீட்டில் அந்தக் கூலியை வீடே சம்பாதிக்கிறது. தினமும் கதவு திறக்கிற ஆள், கூட்டிப் பெருக்குகிற ஆள், கூரையை அண்ணாந்து பார்க்கிற ஆள் என்று எல்லோருக்கும் சம்பளம் அங்கிருந்தே வருகிறது. தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி அந்தப் பக்கத்தில் சொல்வார்கள்: நடக்க நடக்கத்தான் அதற்கு மெருகு ஏறும். கால் படாத தரை மங்கிப் போகும்.

அந்நியர் நுழையலாமா என்கிற கேள்விக்கு அந்த வீடுகளின் அமைப்பே பதில் வைத்திருக்கிறது. திண்ணையும் முகப்பும் வெளி ஆட்களுக்கு. கணக்கு வழக்கும் பேச்சு வார்த்தையும் அங்கே. வளவு குடும்பத்துக்கு. அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, பின்னால் சமையல்கட்டு. யார் எதுவரைக்கும் வரலாம் என்பதைக் கட்டும்போதே வகுத்துவிட்டார்கள். ஒரு நல்ல விடுதி அந்த வரையறையை அழிக்க வேண்டியதில்லை. சாமி வீட்டை மூடி வைத்துக்கொள்ளலாம், படைப்பு நாளில் அறைகளை வாடகைக்கு விடாமல் குடும்பத்துக்கே ஒதுக்கலாம். காசியிலும் ராமேசுவரத்திலும் யாத்திரை போகிறவர்கள் தங்க விடுதி கட்டி வைத்தவர்கள் நகரத்தார். விருந்தாளிக்கு இடம் கொடுப்பது அந்த வீடுகளுக்குப் புதுப் பழக்கம் அல்ல.

குளியலறை கட்டுகிறோம், ஏ.சி. மாட்டுகிறோம் என்று வீட்டையே மாற்றிவிடுகிறார்களே என்று கேட்பவர்களுக்கு நான் பாதி உடன்படுவேன். வளவைச் சுற்றியுள்ள அறைகள் தினமும் இரண்டு பேர் படுத்து எழுவதற்காகக் கட்டியவை அல்ல. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்று என்று கொடுத்தவை; சீர் சாமானும் பாத்திரமும்தான் பெரும்பாலும் உள்ளே இருக்கும். வீட்டு மனிதர்கள் காற்றோட்டமாக வெளியே படுத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட அறையில் இன்றைக்கு ஒருவர் தங்க வேண்டுமானால் ஏதாவது மாற்றம் செய்துதான் ஆக வேண்டும். எது திரும்ப எடுக்கக் கூடிய மாற்றம், எது முடியாதது என்பதில்தான் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும். மரத் தடுப்பு வைத்தால் நாளைக்கு எடுத்துவிடலாம். தேக்கு உத்திரத்தில் துளை போட்டால் போட்டதுதான். அதைவிட மோசமானது சிமெண்டுப் பூச்சு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்டைப் பூசி அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைத் தின்றுவிடும். விடுதி என்ற பெயரில் இதைச் செய்கிறவர்களைக் கண்டிக்கத்தான் வேண்டும். அது செய்த விதத்தின் குற்றம். விடுதியாக்கியதே குற்றம் என்று ஆகாது.

இன்னொரு வாதம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. அந்த வாடகையை நம்மில் எத்தனை பேரால் கொடுக்க முடியும்? வெளிநாட்டுக்காரரும் வசதி படைத்தவரும் தங்கிவிட்டுப் போக, அதே தெருவில் வளர்ந்த பிள்ளை வாசலோடு நின்றுவிட வேண்டியதுதானா? இந்தக் குறை உண்மை. இதற்கு மருந்து விடுதியை மூடுவதில் இல்லை. ஸ்பெயினில் அரசாங்கமே 1928 முதல் 'பாரடோர்' என்ற பெயரில் விடுதிகளை நடத்துகிறது; அவற்றில் பல பழைய கோட்டைகளும் துறவி மடங்களும்தான். நம் சுற்றுலாத் துறையும் ஊருக்கு ஒரு வீட்டையாவது பங்காளிகளிடம் நீண்ட குத்தகைக்கு எடுத்து, ஒரு பள்ளி ஆசிரியர் குடும்பத்தோடு வந்து தங்கக் கூடிய வாடகையில் நடத்தலாமே. தனியார் விடுதிகளும் வாரத்தில் ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்து விடலாம்.

தங்கப் போகிறவர்களிடமும் ஒரு வார்த்தை கடிந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அறை சின்னது, ஜன்னல் சின்னது, நிலைப்படி உயரம், குளியலறைக்கு வளவைச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது என்று புகார் எழுதுகிறார்கள். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி அறை வேண்டும் என்பவருக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் லாட்ஜுகள் இருக்கின்றன. பழைய வீட்டுக்குப் போனால் குனிய வேண்டிய இடத்தில் குனியத்தான் வேண்டும். அந்த உயரமான நிலைப்படியை வெட்டித் தள்ளச் சொல்வது வாடகை கொடுத்தவரின் உரிமை ஆகாது.

பங்காளிகளுக்கும் ஒரு விண்ணப்பம். விடுதியாக்குவதா வேண்டாமா என்பதை அடுத்த படைப்புக்குக் கூடும்போது பேசி முடிவு செய்யுங்கள். ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை. அதற்கு முன்னால், ஐப்பசி மழை பிடிப்பதற்குள், ஒரு கொத்தனாரைக் கூரையில் ஏற்றி நகர்ந்த ஓடுகளை மட்டும் மாற்றிவிடுங்கள்.