பதினெட்டு முடிந்ததா? நிமிர்ந்து நின்று கேள்!

இருபத்தைந்து வயதிலும் அப்பாவிடம் பெட்ரோலுக்குக் காசு வாங்குகிற பிள்ளைகள் நிறைந்த நாடு இது. அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டாம், பிள்ளைகள் அப்படித்தான் மெல்ல மெல்லக் கரையேறுகிறார்கள். ஆனால் அப்பா, அம்மா இல்லாமல் ஹோமில் வளர்ந்த பிள்ளையிடமும், பிளாட்பாரத்தில் வளர்ந்த பிள்ளையிடமும் நாம் என்ன சொல்கிறோம்? பதினெட்டாவது பிறந்த நாள் விடிந்ததும் நீ பெரிய மனுஷன், இனி உன் பாட்டை நீ பார்த்துக்கொள் என்கிறோம். கையில் ஒரு பை. பையில் நாலு துணி, மதிப்பெண் சான்றிதழ். அன்றிரவு எங்கே படுப்பதென்று தெரியாது.

தம்பி, தங்கையே, இந்த அநியாயத்துக்கு நீ பொறுப்பில்லை. அதை முதலில் மனதில் ஏற்று. ஊரே கைகொடுத்துத் தூக்கிவிடுகிற வயதில் உன்னை மட்டும் தனியே விட்டுவிட்டு, 'தேறமாட்டான்' என்று ஊர் பேசினால் அந்தப் பேச்சைக் காதில் வாங்காதே. நீ தோற்கவில்லை. உனக்கு வரவேண்டியது இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அதைக் கேட்டு வாங்கும் துணிவு உனக்கு வேண்டும்.

அம்ருதா கர்வந்தே என்ற பெண்ணின் கதையைக் கேள். கோவாவில் ஓர் இல்லத்தில் வளர்ந்தவர். பதினெட்டு ஆனதும் வெளியேறிப் புனேவுக்கு வந்தார். புதிய ஊரில் முதல் இரவு ரயில் நிலையத்தில் கழிந்தது. கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே படித்துப் பட்டம் வாங்கினார். மகாராஷ்டிர அரசுப் பணித் தேர்வையும் எழுதினார். பொதுப் பிரிவுக்கு மதிப்பெண் போதவில்லை. சலுகைப் பிரிவில் சேர வேண்டுமானால் குடும்ப வருமானத்தைக் காட்டும் சான்றிதழ் கொண்டுவா என்றார்கள். இல்லத்தில் விடப்பட்ட பிள்ளை எந்த அப்பாவின் வருமானத்தைக் காட்டும்? வேறு யாராக இருந்தாலும் விதியை நொந்துகொண்டு வீடு திரும்பியிருப்பார்கள். அவருக்குத் திரும்ப வீடும் இல்லை. நேரே முதலமைச்சர்வரை போய்க் கேட்டார். 2018 ஜனவரியில் மகாராஷ்டிர அமைச்சரவை, ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் 1 சதவீத இடஒதுக்கீடு தர ஒப்புக்கொண்டது. ரயில் நிலையத்தில் படுத்தெழுந்த பெண் ஒரு மாநிலத்தின் விதியையே மாற்றி எழுதவைத்தார்! இனி அந்த மாநிலத்தில் எத்தனையோ பிள்ளைகள் அவர் திறந்த வாசல் வழியாக அலுவலகத்துக்குள் நுழைவார்கள்.

உனக்குள்ளும் அந்தத் தீ இருக்கிறது. பசித்த வயிற்றோடு ஒரு நகரத்தின் ராத்திரிகளைக் கடந்து வந்தவன் நீ. யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பவள் நீ. இதை எந்தக் கல்லூரியும் கற்றுத் தராது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். "யார் தயவும் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்ற வீறாப்பு உன்னைப் போன்றவர்களிடம் நிறைய உண்டு. அடிபட்ட மனசு அப்படித்தான் பேசும். எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த வீறாப்பை இறக்கி வை. விக்கி ராய் என்ற புகைப்படக்காரரைப் பார். மேற்கு வங்கத்தின் புருலியாவிலிருந்து பதினோரு வயதில் ஓடிவந்து, டெல்லி ரயில் நிலையத்தில் காலி பாட்டில் பொறுக்கிய சிறுவன் அவர். சலாம் பாலக் என்ற அறக்கட்டளை அவரைச் சேர்த்துக்கொண்டது. பத்தாம் வகுப்பில் சுமாரான மதிப்பெண்தான். தொழில் கற்கலாம் என்றபோது, கேமராதான் வேண்டும் என்று கேட்டார். பதினெட்டு ஆனதும் அங்கே தங்க முடியாது. அப்போது அனய் மான் என்ற புகைப்படக் கலைஞர் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். ஒரே நிபந்தனை: மூன்று வருடம் விட்டுப் போகக் கூடாது. 2007இல் முதல் கண்காட்சி. தன்னைப் போன்ற தெருப் பிள்ளைகளையே படமெடுத்து வைத்திருந்தார். பிறகு நியூயார்க்கில் உலக வர்த்தக மையம் மீண்டும் எழும்புவதைப் படமெடுக்கப் போனார். திறமையும் உழைப்பும் அவருடையவை. ஆனால் பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தது. அந்த மூன்று வருடத்தைத்தான் உனக்கும் கேட்கச் சொல்கிறேன்.

அது பிச்சையில்லை, சட்டத்திலேயே இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்திலிருந்து வெளியேறும் பிள்ளைக்குப் பதினெட்டுக்குப் பிறகும் பண உதவி தரலாம் என்கிறது. அதன் மாதிரி விதிகளின்படி, இல்லத்தை விட்ட பிறகான இந்த உதவி, அதாவது பின்பராமரிப்பு, இருபத்தொரு வயதுவரை உண்டு. தேவை உண்மையானால் மேலும் இரண்டு வருடம். ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம் இதற்கு மாதம் 4,000 ரூபாய் என்று வைத்திருக்கிறது. நகரத்தில் வாடகைக்கே போதாத தொகைதான். ஆனாலும் கேட்காமல் விடாதே.

ஹோமையே பார்க்காமல் நடைபாதையில் வளர்ந்தவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதைப் பார்த்து மனம் கொதிக்கிறது. அவர்களுக்கு முதல் படி வாக்காளர் அடையாள அட்டை. முகவரி இல்லையே என்று பயப்படாதே. வீடற்றவர் வாக்காளராகச் சேர முகவரிச் சான்று தேவையில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. நீ எழுதிக் கொடுத்த இடத்தில்தான் படுக்கிறாயா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்த்து உறுதிசெய்ய வேண்டும். சென்னை வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் படுப்பவனுக்கும் இந்த நாட்டில் ஓட்டு உண்டு. வாக்காளராகச் சேர்வதற்கான படிவம் 6ஐ வாங்கு, எழுது, கொடு!

பெரியவர்களே, உங்களிடமும் கேட்கிறேன். மகாராஷ்டிரத்தின் அமராவதி மாவட்டத்தில் சங்கர்பாபா பாபல்கர் என்ற முதியவர், கைவிடப்பட்ட மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குத் தன் பெயரையே கொடுத்து வளர்க்கிறார். அந்தப் பிள்ளைகளைப் பதினெட்டில் வெளியேற்றக் கூடாது, அதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்று விடாமல் கேட்கிறார். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தோம். அவர் கேட்டதைக் கொடுத்தோமா? அவ்வளவு பெரிய காரியம் உங்களால் முடியாமல் இருக்கலாம். பட்டறை வைத்திருக்கிறீர்களா? ஒரு பையனைத் தொழிலுக்குச் சேருங்கள், சம்பளம் கொடுத்து. வீடு வாடகைக்கு விடுகிறீர்களா? "சொந்தபந்தம் யாருமில்லையா?" என்று வீடு தேடி வந்த பெண்ணிடம் கேட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். அந்தப் பெண் தவறாமல் வாடகை தருவாள், தங்க ஓர் இடம் கிடைத்தால்.

தம்பி, தங்கையே, நாளைக் காலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போ. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே இருக்கிறது என்று விசாரி. முடிந்தால் ஹோமில் உனக்குப் பிடித்த அக்காவையோ சாரையோ கூட அழைத்துக்கொள். பின்பராமரிப்பு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடு. "அப்புறம் வா" என்பார்கள். கோபப்படாதே, கும்பிடும் போடாதே. மனு பெற்றதற்குத் தேதி போட்ட ரசீது கேள். அது கைக்கு வரும்வரை அந்த மேசையை விட்டு நகராதே!