கேட்காமல் வாங்கிய கடன்

குழந்தைகள் மருத்துவமனைகளில் பெற்றோர் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "டாக்டர், இது உங்க குழந்தையா இருந்தா என்ன செய்வீங்க?" நன்கு அறியப்பட்ட சிகிச்சை என்றால் மருத்துவருக்குப் பதில் சொல்வது சுலபம். ஆயிரம் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து, அதன் நல்லதும் கெட்டதும் தெரியும். புதிய சிகிச்சை என்றால் அந்த ஆயிரம் குழந்தைகள் இல்லை. யாருடைய குழந்தையாவது முதலாவதாக இருந்தாக வேண்டும்.

அந்த முதல் குழந்தையை யாரும் கேட்பதில்லை. நான்கு வயதுக் குழந்தையிடம் கேட்டால் அது ஊசி வேண்டாம் என்றுதான் சொல்லும். முடிவெடுப்பவர்கள் பெற்றோர், தாங்குவது குழந்தையின் உடல். நமக்கு இது புதிதல்ல. பெற்றோர் வேண்டிக்கொள்கிறார்கள், மொட்டை குழந்தைக்கு. ஆனால் முடி மறுபடி வளர்ந்துவிடும். மருத்துவத்தில் எல்லாம் அப்படி வளர்ந்துவிடுவதில்லை. அப்படியென்றால் இது சரியா? சரி என்றால், பின்னால் வந்து பயன்பெறும் நாம் அந்தக் குழந்தைகளுக்கு என்ன பட்டிருக்கிறோம்?

பொதுவாகப் பேசினால் இந்தக் கேள்வி நழுவிப் போய்விடும். அதனால் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு வரும் தீவிர நிணநீர் இரத்தப் புற்றுநோயில் இன்று வசதியான நாடுகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். 1947இல் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நோய் தெரிந்த சில வாரங்களில், சில மாதங்களில் மரணம். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் இருந்தார். இறந்த குழந்தைகளின் உடல்களைப் பரிசோதிப்பதுதான் அவர் வேலை. உயிரோடு இருக்கும்போதே ஏதாவது செய்ய முடியாதா என்று அவர் யோசிக்கத் தொடங்கினார்.

அவர் முதலில் கையிலெடுத்தது ஃபோலிக் அமிலம். இரத்தசோகையில் அது எலும்பு மஜ்ஜையைச் சீராக்குவது தெரிந்திருந்தது. இங்கேயும் உதவும் என்று நினைத்து, அதைச் சார்ந்த பொருட்களை நோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தார். புற்றணுக்கள் குறையவில்லை, வேகம் பிடித்துப் பெருகின. ஃபார்பர் அதை மறைக்காமல் எழுதி வைத்தார். இது தீயை வளர்க்கிறது என்றால், இதைத் தடுக்கும் பொருள் தீயை அணைக்குமல்லவா என்ற யோசனை அங்கிருந்துதான் வந்தது. அந்தத் தடுப்புப் பொருட்களை லெடர்லே ஆய்வகத்தில் உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போனவர். 1947 டிசம்பர் இறுதியில் அமினோப்டெரின் ஒரு குழந்தைக்குச் செலுத்தப்பட்டது. 1948 ஜூனில் வெளிவந்த கட்டுரையின்படி 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. படுத்திருந்தவர்கள் எழுந்து விளையாடினார்கள். ஆனால் அது தற்காலிகம்தான், நோய் திரும்பி வந்தது.

இந்தக் கதையைப் பெரும்பாலும் வெற்றிக் கதையாகத்தான் சொல்வார்கள். வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் ஃபோலிக் அமிலம் வாங்கிக்கொண்ட குழந்தைகளை எந்தக் கணக்கில் வைப்பது? அவர்களுக்கு அது நன்மை செய்யவில்லை. அவர்கள் உடலில் நடந்ததுதான் மற்றவர்களுக்கான வழியைக் காட்டியது.

அதே 1947இல், ஆகஸ்டில், நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்போடு நூரம்பெர்க் நெறிமுறை வெளியானது. சோதனைக்கு உட்படுபவரின் சுயவிருப்பமான ஒப்புதல் கட்டாயம் என்பது அதன் முதல் விதி. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் எந்தக் குழந்தையிடமும் எதையும் சோதிக்க முடியாது. 1964இல் வந்த ஹெல்சின்கி பிரகடனம் காப்பாளர் ஒப்புதல் தரலாம் என்று அந்தக் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் என் குழந்தைக்காக நான் ஒப்புக்கொள்ளலாம் என்றால், இன்னொருவர் குழந்தையின் நன்மைக்காக என் குழந்தையின் உடலைக் கொடுக்கவும் நான் ஒப்புக்கொள்ளலாமா?

1970களில் இரண்டு இறையியலாளர்கள் இதில் மோதினார்கள். பால் ராம்ஸி சொன்னது: குழந்தையின் சொந்த சிகிச்சைக்காக என்றால் சரி, பிறர் நன்மைக்காக மட்டும் என்றால் கூடவே கூடாது. அது குழந்தையை வெறும் கருவியாக்குவது. ரிச்சர்ட் மெக்கார்மிக் மறுத்தார். பெரிய ஆபத்தில்லாத இடத்தில், பிறருக்கு உதவ வேண்டியது மனிதராகப் பிறந்த எல்லோருக்கும் கடமை. குழந்தைக்கு வயதிருந்தால் அதுவும் சம்மதித்திருக்க வேண்டும். ஆகவே பெற்றோர் சம்மதிக்கலாம்.

மெக்கார்மிக்கின் வாதத்தில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. பேச முடியாத குழந்தையின் வாயில் நமக்கு வசதியான பதிலை நாமே வைத்துவிட்டு, "பாருங்க, குழந்தையே ஒத்துக்கிட்டது" என்பதுபோல் இருக்கிறது. ராம்ஸியின் கோடு நேர்மையானது, ஆனால் வார்டில் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. புதிய மருந்தின் முதல் கட்டச் சோதனை பெரும்பாலும் எவ்வளவு அளவு தாங்கும் என்று பார்ப்பதற்குத்தான். குணமாகலாம் என்ற நம்பிக்கையும் அதற்குள் இருக்கிறது. சிகிச்சைக்காக எலும்பு மஜ்ஜையில் ஒரு முறை ஊசி குத்துகிறார்கள், ஆய்வுக்காகக் கூடுதலாக இன்னொரு முறை. அந்த இரண்டாவது ஊசி யாருக்காக? பெற்றோரின் காதில் எல்லாமே "என் பிள்ளைக்காக" என்றுதான் விழும். உயிர் ஊசலாடும் நேரத்தில் வேறெப்படி விழும்?

இந்தச் சங்கடத்தை மூடுவதற்கு நம்மிடம் ஒரு சொல் தயாராக இருக்கிறது: தியாகம். அந்தக் குழந்தைகள் தியாகம் செய்தார்கள் என்று நன்றி விழாக்களில் சொல்லிவிடலாம். அது உண்மையல்ல. தியாகத்துக்கு விருப்பம் வேண்டும், தன்னிடமிருப்பதை அறிந்து கொடுக்க வேண்டும். அவர்கள் கொடுக்கவில்லை. அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது, பெரும்பாலும் அன்போடு, வேறு வழியில்லாமல்.

கடன் என்ற சொல் இன்னும் பொருத்தமானது. தமிழில் அதற்கு இரண்டு பொருள். வாங்கியதும் கடன், செய்ய வேண்டியதும் கடன். இதில் கடன் கொடுத்தவர்கள் இறந்துவிட்டார்கள், அவர்களுக்குத் திருப்பித் தர முடியாது. பின்னால் வருகிற குழந்தைகளுக்குத்தான் தர முடியும்.

எப்படித் தருவது? முதல் வழி, நடந்ததை ஒளிக்காமல் எழுதி வைப்பது. 1960களில் மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல் பல மருந்துகளையும் தலைக்குக் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்து, ஏறத்தாழ பாதிக் குழந்தைகளைக் காப்பாற்றிக் காட்டினார். அந்த மருந்துகளில் ஒன்றான வின்கிரிஸ்டின், நம் ஊரில் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்லப்படும் நித்திய கல்யாணியிலிருந்து வந்தது. பிழைத்தவர்கள் வளர்ந்தபோது, கதிர்வீச்சு அவர்களில் பலரின் கற்கும் திறனையும் வளர்ச்சியையும் பாதித்திருந்தது தெரிந்தது. பல ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்ததால்தான் பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்று அந்தக் கதிர்வீச்சு தேவைப்படுவதில்லை. குணமானார்கள் என்று கோப்பை மூடியிருந்தால் இது தெரிந்திருக்காது.

இரண்டாவது, கேட்க முடிகிற வயதில் கேட்பது. 2017இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக நெறிமுறைகள், ஆய்வில் சேரும் 7 வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடம் வாய்மொழியாகவும், 12க்கு மேல் எழுத்திலும் இசைவு பெறச் சொல்கின்றன. "சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்" என்பார்கள். எது வலிக்கும் என்று அதற்குத் தெரியும். அந்த இரண்டாவது ஊசி யாருக்காக என்று பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நேராகச் சொல்வதும் இதில்தான் சேரும்.

மூன்றாவதுதான் கனமானது: கற்றதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. 1980களில் இந்தியாவில் இந்த நோய்க்கு ஐந்தில் ஒரு குழந்தை பிழைத்தாலே அதிகம். அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து, நம் சூழலுக்கேற்ற ஒரே சிகிச்சை முறையை வகுத்தன. எம்.சி.பி. 841 என்று பெயர். அதில் புத்தம்புதிய மருந்து எதுவும் இல்லை. இருந்த மருந்துகளை ஒரே ஒழுங்கில் கொடுத்து, ஒவ்வொன்றையும் பதிவு செய்தார்கள். பிழைத்தவர்கள் ஏறத்தாழ பாதியளவுக்கு உயர்ந்தார்கள்.

2012இல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் நோயாளியின் சொந்த வெள்ளணுக்களையே மரபணு மாற்றி, முதன்முறையாக ஒரு சிறுமியின் இரத்தப் புற்றுநோய்க்குச் செலுத்தினார்கள். சாவின் விளிம்புவரை போய் மீண்டாள். 2017இல் அமெரிக்கா அந்தச் சிகிச்சைக்கு அனுமதி தந்தபோது விலை 4,75,000 டாலர். அங்கும் முதல் குழந்தையின் உடலிலிருந்து கற்றதுதான் விற்பனைக்கு வந்தது. விலை வைப்பவர்கள் ஆராய்ச்சிச் செலவைக் கணக்கில் காட்டுகிறார்கள். அந்தக் குழந்தைகளின் பங்கு எந்தக் கணக்கிலும் இல்லை.

ஆனால் நம் நாட்டில் கடன் அதிகம் தவறுவது இவ்வளவு விலையுள்ள இடத்தில் அல்ல. இந்தச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும். முதல் சில மாதங்களிலேயே குழந்தை தெளிந்து ஓடியாடும். "புள்ள நல்லாத்தான இருக்கு" என்று தோன்றும். மருந்து இலவசமாகவே இருக்கலாம். ஆனால் பஸ் கூலியும், போகும் நாளின் கூலி இழப்பும், நகரத்தில் தங்க இடமும் யார் தருவது? அப்படி நின்றுபோகும் குழந்தைக்கு நோய் திரும்புகிறது. பாஸ்டனில் 1948இல் திரும்பியதுபோலவே. அன்று யாருக்கும் வழி தெரியாது. இன்று தெரியும், அந்தக் குழந்தைகளிடமிருந்து கற்றதால் தெரியும். தெரிந்தபின் ஒரு பிள்ளையைப் பஸ் கூலிக்காக விட்டுவிடுவதை ஏழ்மை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. அது நாம் வாங்கிய கடனைத் திருப்பாமல் இருப்பது.